காது குத்திய மாடுகளும் எங்கள் அண்ணனும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்துப் படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். கிராம சேவகர் பயிற்சி முடிந்தபோது எடுத்த படம் அது. சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, போட்டோக்காரர் "சிரிக்காதீங்க" என்று சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார் அண்ணன். நேரில் அவர் அப்படி இல்லை என்பது நினைவு ஜெபத்துக்குக் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தவரைச் சிரிக்க வைக்காமல் வாசல் தாண்ட விடமாட்டார். வேறு படம் எங்களிடம் இல்லை.

"நல்லபடியா நாலு வார்த்தை எழுதும்மா, அது போதும்" என்று சித்தப்பா சொன்னார். நல்லபடியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். எனக்கு வாய் நீளம் என்று உறவு முழுக்கப் பெயர். இன்று அந்தப் பெயர் எனக்கு உதவட்டும். அண்ணன் எப்படி இறந்தார் என்பதை உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். அவர் வேலை பார்த்த ஊரில் அவருடைய சாவைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. அந்தப் பேச்சால் அந்த ஊர்க் கன்றுகாலிகள் சாகப் போகின்றன. அதைத் தடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது விருதுநகரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில். அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தார். அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் அண்ணன் விடியற்காலையில் மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை தைத்துவிட்டு, தும்மிக்கொண்டே பள்ளிக்கூடம் போவார். பக்கத்தில் உட்கார்ந்தவனும் சேர்ந்து தும்முவானாம். "படிப்பு வந்துச்சோ இல்லையோ, தும்மல் நல்லா வந்துச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் கண்மூடிய பிறகு என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர்தான். பெண் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று சொல்லி அனுப்பினார். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவருக்கும் நடக்கவில்லை.

கிராம சேவகர் என்றால் என்ன உத்தியோகம் என்று நம் உறவில் பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. அத்தை கடைசிவரை, "பெரியவன் பட்டிக்காட்டுல யாருக்கோ சேவகம் பண்ணுதான்" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். விவசாயம் பார்க்கிற சம்சாரிக்குச் சர்க்கார் செய்ய நினைக்கிற உதவி எதுவானாலும், பிளாக் ஆபீசிலிருந்து அண்ணனின் சைக்கிள் கேரியரில் ஏறித்தான் ஊருக்குள் வரும். புதுப் பருத்தி விதை, பூச்சி மருந்து, குப்பையை மக்க வைக்கிற குழிக்கு அளவு, கோழிக்குச் சொட்டு மருந்து, மாட்டுக்கு ஊசி போட வரும் டாக்டருக்கு முன்னால் போய் மாடுகளைச் சேர்த்து வைப்பது, எல்லாம் அவர் தலையில்தான். ஆனைக்குட்டத்துக்கு அப்பால் ஒரு கரிசல் ஊரில் எனக்கு ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்ததும், அண்ணனும் அந்தப் பக்கமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். இருவரும் அங்கேயே குடியேறினோம். அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்குள்ளவர்களுக்கு அது தங்கள் ஊர் என்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

ஊர் முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "வந்துட்டாருய்யா சேவக்கு, இன்னைக்கு எவன் வீட்டுல குழி வெட்டச் சொல்லப் போறாரோ" என்று காதில் விழும்படியே பேசுவார்கள். கரிசல் புஞ்சைகளில் சரிவாக விழும் மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். அதைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே மண்வரப்பு போடும் திட்டம் வந்தது. "மழை போற தடத்தை மறிக்கச் சொல்லுதீகளே, அது நம்மளைச் சும்மா விடுமா?" என்று கேட்டு, ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. வெள்ளையம்மாதான் கொடுத்தாள். புருஷன் இல்லாதவள். அவளுக்கு உள்ளது சரிவான ஒரு புஞ்சை, ஒரு ஜோடி உழவு மாடு, என்னிடம் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். "என் புஞ்சையில போடுங்கய்யா. போறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?" என்றாள். அந்த வருஷ மழை வரப்பில் நின்று நிலத்துக்குள் இறங்கியது. அவள் சோளம் ஆள் உயரம் நின்றது. அன்றிலிருந்து, "சேவக்கு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பது அவள் வாய்ச்சொல் ஆகிவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்து வெள்ளாமை தப்பினால் போதும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவார்கள். தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடுக்கப் போய்விடுவார்கள். என் வகுப்பில் ஒவ்வொரு கோடையிலும் பலகைகள் காலியாகும். வெள்ளையம்மா மட்டும், "என் பிள்ளைக கம்பெனிக்குப் போகாது டீச்சரம்மா. மாடு ரெண்டும் தொழுவத்துல நிக்கிற வரைக்கும் போகாது" என்று சொல்வாள்.

சென்ற ஆண்டு ஆடிக் கடைசியில் பக்கத்து ஊர்களுக்கு வெக்கை நோய் வந்தது. மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு, வாய் முழுக்கப் புண்ணாகி, கழிந்து கழிந்து சாகும் நோய். எங்கோ சந்தையில் வாங்கி வந்த மாட்டோடு வந்ததாம். தொழுவம் தொழுவமாகச் செத்தன. ஓடைப் பக்கம் கழுகுகள் இறங்கின; பள்ளிக்கூடத்துக்குள் நாற்றம் வந்தது. ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். எல்லையில் வேப்பிலை கட்டி, வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு போட்டது. அண்ணன் வேளாவேளைக்குச் சோறு தின்னவில்லை. நோய் ஊருக்குள் வருவதற்கு முன்னால் ஊசி போட்டுவிட வேண்டும், வந்த பிறகு போட்டுப் பயன் இல்லை என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். நாட்டாமை முத்தையா கடைசியில் இறங்கி வந்து, "வரச் சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

மாட்டு டாக்டர் விருதுநகரிலிருந்து ஜீப்பில் வந்தார். மதுரையிலிருந்து ரயிலில் வந்த ஐஸை மரத்தூள் பெட்டியில் வைத்து, அதற்குள் மருந்தை வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஐஸ் கரைந்தால் மருந்து வீண். ஊர் மந்தைவெளியில் மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதலில் நாட்டாமையின் பசுவுக்கு ஊசி போட்டார் டாக்டர். அது வரைக்கும் ஒன்றுமில்லை. அடுத்து ஒரு கருவியை எடுத்துப் பசுவின் காதில் வைத்து அழுத்தினார். காதில் வட்டமாக ஓட்டை விழுந்து ரத்தம் சொட்டியது. ஊசி போட்ட மாடு எது, போடாதது எது என்று சந்தையில் பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காகப் போடும் அடையாளம் அது. கூட்டத்தில் யாரோ அலறினார்கள்.

"ஏலே, காதை அறுத்துட்டாங்கலே! ஓட்டுங்கலே மாட்டை!"

கண்மூடித் திறப்பதற்குள் மந்தையில் பாதி மாடுகள் இல்லை. டாக்டருக்கும் புரியவில்லை, அண்ணனுக்கும் புரியவில்லை. விஷயம் இதுதான். அந்த ஊரில் அம்மனுக்கு நேர்ந்து விடுகிற மாட்டுக்குத்தான் காதைக் கிழித்து மஞ்சள் தடவி விடுவார்கள். காதில் குறி உள்ள மாடு ஆத்தாளின் மாடு.

"அந்த ஓட்டையை மட்டும் போடாம விட்டுருங்க சார்" என்று அண்ணன் டாக்டரிடம் கெஞ்சினார். "அடையாளம் இல்லாம ஊசி போட எனக்கு உத்தரவு இல்லையே தம்பி" என்று டாக்டர் கையைப் பிசைந்தார். ஐஸ் பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அப்போது நாட்டாமை முன்னால் வந்து நின்றார்.

"சேவக்கய்யா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன், மழுப்பாமச் சொல்லுங்க. இது சர்க்காரு பின்னாடி மாட்டைப் பிடிச்சிட்டுப் போறதுக்குப் போடுற அடையாளமா? இல்ல ஆத்தாளுக்கு நேந்து விடுறதா?"

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். வடியும் தண்ணீரைப் பார்த்தார்.

"நேந்ததாவே வச்சுக்கோங்களேன். ஆத்தா காப்பாத்திட்டுப் போறா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். ஐயோ, அந்த ஒரு வார்த்தைதான்!

அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்ச்சை என்றால் நம் சபையில் என்ன? அறுப்பின் பண்டிகைக்கு ஆட்டுக்குட்டியை நேர்ச்சையாகக் கொண்டுபோய் விடுவோம், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள், கொடுத்தவரே ஏலம் எடுத்து அதே ஆட்டை வீட்டுக்கு ஓட்டிவந்து விடுவார். அப்பா அப்படித்தான் ஒரே கிடாயை வருஷா வருஷம் நேர்ந்து வருஷா வருஷம் திருப்பிக் கூட்டிவந்தார். அண்ணனுக்குத் தெரிந்த நேர்ச்சை அவ்வளவுதான். அவர்களுடைய நேர்ச்சை வேறு என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெரியவர்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு நாட்டாமை, "உசுரோட நின்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு மாடுகளைத் திருப்பச் சொன்னார். பெண்கள் மஞ்சள் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு மாடாக வந்து ஊசியும் ஓட்டையும் வாங்கிக்கொண்டு போனது. சிலர் அழுதார்கள். வெள்ளையம்மா தன் மாட்டின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். "மாட்டைக் காப்பாத்தத்தானே வந்திருக்கோம், ஏன் அழுறாங்க?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். "பயந்திருப்பாங்க" என்றேன்.

ஊசிக்குப் பின் மாடுகளுக்கு லேசாகக் காய்ச்சல் அடிக்கும். அண்ணன் தொழுவம் தொழுவமாகப் போய், தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் ஆகாது, ரெண்டு நாள்ல தீவனம் எடுக்கும்" என்று தைரியம் சொன்னார். சொன்னபடியே எடுத்தன. சுற்றியுள்ள ஊர்களில் தொழுவங்கள் காலியாயின. எங்கள் ஊரில் ஒரு கன்றுகூடச் சாகவில்லை. டாக்டர் சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்று அண்ணன் சிரித்ததுதான் நான் பார்த்த அவருடைய கடைசிச் சிரிப்பு என்று சொல்லலாம்.

புரட்டாசியில் மழை இறங்கியது. கரிசலை மழை விட்ட கையோடு உழுதுவிட வேண்டும். வெயில் ஏறினால் மண் இறுகிக் கலப்பை இறங்காது. மறுநாள் அண்ணன் விதைப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு புஞ்சைக் காட்டுக்குப் போனார். ஒரு ஏர் இல்லை. ஒரு ஆள் இல்லை. நேரே வெள்ளையம்மாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார்.

"மண்ணு நல்ல பதத்துல இருக்கே, ஏன் இன்னும் பூட்டலை?"

"எதையய்யா பூட்ட?"

"மாட்டைத்தான்."

"நேந்து விட்ட மாட்டையா? என்னய்யா இப்பிடிக் கேக்கீக? ஆத்தா மாட்டை ஏருல பூட்டலாமா? பால் கறக்கலாமா? விக்கலாமா? அது சாகுற வரைக்கும் சும்மா நிக்கும், நாங்க கும்பிட்டுக்கிட்டு நிப்போம். அதுக்குச் சம்மதிச்சுத்தான அன்னைக்குக் காதைக் கொடுத்தோம்."

அண்ணன் பேயறைந்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தார். "ஊரையே கெடுத்துட்டேன்" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டார். மாடுகள் எல்லாம் கொழுகொழுவென்று உயிரோடு நிற்கின்றன. ஒரு மாட்டுக்கும் உழவு இல்லை. செத்திருந்தாலாவது வேறு மாட்டுக்குச் சர்க்காரிடம் கடன் கேட்டிருக்கலாம்.

அன்று மாலையே ஊரைக் கூட்டச் சொன்னார். எல்லோர் முன்னாலும் கைகூப்பி நின்றார். "நான் சொன்னது தப்பு. அது சர்க்கார் அடையாளம், ஊசி போட்டதுக்கு அடையாளம், வேற ஒண்ணுமே இல்லை. ஐஸ் கரைஞ்சிரும்னு பயந்து, அர்த்தம் தெரியாம உளறிட்டேன். மாட்டைப் பூட்டுங்க" என்று கெஞ்சினார். நம் சபை ஏலத்தைப் பற்றியும் சொன்னார். அம்மனுக்கு முன்னால் ஏலம் விட்டு அவரவர் மாட்டை அவரவர் ஓட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நாட்டாமை பொறுமையாகச் சொன்னார்: "நீங்க தெரியாமச் சொன்னீக அய்யா. நாங்க தெரிஞ்சுதான நேந்தோம்."

அண்ணன் கூப்பிய கையை இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

தீபாவளிக்கு முந்திய சீசன் அது. கம்பெனி ஆட்கள் ஊர் ஊராக வந்து பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வெள்ளையம்மாவின் பெண்கள் இருவரும் பள்ளிக்கு வரவில்லை. திங்கட்கிழமை முதல் கம்பெனி வண்டியில் போகிறார்கள் என்று சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் எழுந்து போனார்.

நான் பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்த்தபோது வெள்ளையம்மாவின் புஞ்சையில் நின்றுகொண்டிருந்தார். அவளுடைய கலப்பையைக் கொண்டுவந்து போட்டிருந்தார். சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, நுகத்தடியைத் தன் தோளில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு என்ன, கிறுக்கு பிடிச்சிருச்சா?"

"வாயைக் கொடுத்தது நான். நான்தானே இழுக்கணும்? நீ மேழியைப் பிடி."

பிடித்தேன். வேறு என்ன செய்ய? கரிசலில் மாடே நாக்குத் தள்ளும். அவர் இழுத்தார், விழுந்தார், எழுந்து இழுத்தார். தோல் உரிந்து தோளில் சேறும் சாணமும் அப்பியிருந்தன. அவர் சொல்லி வெட்டிய குழியின் உரம் போட்ட மண்தான் அது. வேலியோரம் ஊர் கூடிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் உள்ளேயும் வரவில்லை. ஒரு உழவுச் சால்கூட முழுசாக முடியவில்லை. வெள்ளையம்மா ஓடிவந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பிப் போய்த் தன் மாடுகள் இரண்டையும் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"ஆத்தா, மனுசனை மாடாக்கிப் பூட்டுறதுக்கு உனக்கு நான் நேரலை. கேக்கணும்னா என்னையக் கேளு, என் பிள்ளைகளைக் கேக்காத" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அண்ணனின் தோளிலிருந்து நுகத்தைத் தள்ளி மாடுகளைப் பூட்டினாள். பொழுது சாயும்வரை உழுதாள். இளைய பெண்ணை மறுநாள் பள்ளிக்கு அனுப்பினாள். மூத்தவளை நிறுத்த முடியவில்லை. கம்பெனிக்காரரிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

மற்றவர்கள் பூட்டவில்லை. "அவளுக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்று இருந்தார்கள். அண்ணன் தோளில் மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டு திரும்பவும் வீடு வீடாக ஏறி இறங்கினார். "விருதுநகர் போய் ஒரு ஊசி போட்டுட்டு வாங்கண்ணே" என்று தினமும் சொன்னேன். "எல்லாரும் பூட்டட்டும், போறேன்" என்றார். ஒரு நாள் காலை கஞ்சி குடிக்கும்போது, "தாடை பிடிச்ச மாதிரி இருக்கு, வாயைத் திறக்க முடியலை" என்றார். மதியத்துக்குள் முதுகு வில்லாய் வளைந்தது. இசிவு நோய். மண்ணும் சாணமும் புண்ணில் ஏறி வருகிற நோய் அது. வெள்ளையம்மாவின் மாடுகளை வண்டியில் பூட்டி ரோட்டுக்குக் கொண்டுபோய், தீப்பெட்டி லோடு ஏற்றி வந்த லாரியை மறித்து, விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தோம். மாட்டு டாக்டர் ஓடிவந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஊர் மாட்டுக்கெல்லாம் போட்டேனே, உனக்கு ஒண்ணு போடலையே தம்பி" என்று குழந்தை மாதிரி அழுதார்.

இசிவு கண்டவருக்குச் சத்தம் ஆகாது. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும். நர்ஸம்மா ஜன்னலையெல்லாம் அடைத்து, துணி கட்டி, செருப்பில்லாமல் நடந்தார். ஆனால் அது தீபாவளி வாரம். எங்கள் பக்கத்துத் தீபாவளி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தெருவில் ஒரு வெடி வெடித்தால் கட்டிலில் அண்ணன் துள்ளி விழுவார். நினைவு மட்டும் தெளிவாக இருந்தது; கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தீபாவளி அன்று காலை என்னால் தாங்க முடியவில்லை. தெருவில் இறங்கி வீடு வீடாக ஓடினேன். புதுத்துணி கட்டி நின்றவர்களின் காலைப் பிடித்தேன். "எங்கண்ணன் உள்ளே கிடக்காரு, வெடி போடாதீங்க, உங்க பிள்ளை குட்டி நல்லா இருக்கும்" என்று கத்தினேன். அந்தத் தெரு அப்படியே அடங்கியது. யாரென்று தெரியாத ஒருத்திக்காகத் தங்கள் தீபாவளியை மூட்டை கட்டி வைத்தார்கள். ஆனால் அடுத்த தெருவில் வெடித்தது. அதற்கு அடுத்த தெருவில் வெடித்தது. ஊரெல்லாம் வெடித்தது. எத்தனை தெருவுக்கு ஓடுவேன் ஆண்டவரே? நான் திரும்பி வந்தபோது நர்ஸம்மா ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார். இனிச் சத்தம் கேட்டால் பரவாயில்லை என்று எனக்குப் புரிந்தது.

அடக்கம் முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பியபோது ஐப்பசி மழை பெய்து விட்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பார்க்கிறேன், புஞ்சை முழுக்க ஏர். காது குத்திய மாடுகள் அத்தனையும் ஏரில். நான் பையைப் போட்டுவிட்டு நாட்டாமையின் புஞ்சைக்குள் இறங்கி, "என்ன, இப்ப உங்க ஆத்தா கண்ணை மூடிக்கிட்டாளா?" என்று கேட்டேன்.

அவர் ஏரை நிறுத்திவிட்டுக் கைகூப்பினார். "ஆத்தா எடுத்துக்கிட்டா டீச்சரம்மா. அம்புட்டு மாட்டுக்கும் பதிலா அவுகளை எடுத்துக்கிட்டா. நேர்ச்சை தீந்துபோச்சு. உங்கண்ணன் எங்களுக்குத் தெய்வம்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். கண்ணில் நீர் இருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "எங்கண்ணன் மாடு இல்லை! அவரை யாரும் நேந்து விடலை!" என்று கத்தினேன். கையில் கிடைத்த மண்கட்டியை எடுத்து எறிந்தேன். அவர் நகராமல் வாங்கிக்கொண்டார்.

வெள்ளையம்மா மட்டும் அன்று உழவில் இல்லை. வீட்டுக்குள் இருந்தாள். ஆத்தா மாட்டை முதலில் பூட்டியவள் அவள்தான், அந்தக் கோபத்தில்தான் ஆத்தா சேவக்கைத் தூக்கினாள் என்று ஊர் அவளைத் தள்ளி வைத்திருந்தது. "உங்கண்ணனை நான்தான் கொன்னேன்னு சொல்லுதாக. நீங்களும் அப்பிடித்தான் நினைக்கீகளா டீச்சரம்மா?" என்று கேட்டாள். "இல்லை. புண்ணுல மண்ணு ஏறி வந்த நோய். நீ பூட்டலைன்னா இன்னும் ரெண்டு சால் இழுத்திருப்பாரு" என்றேன். அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது இந்த ஆண்டு. திரும்பவும் சந்தைப் பக்கம் வெக்கை தலைகாட்டியிருக்கிறது. ஊரில் சென்ற ஆண்டுக்குப் பிறகு பிறந்த கன்றுகள் நிறைய நிற்கின்றன. புதிதாக வந்திருக்கும் கிராம சேவகர் மாட்டைச் சேர்க்கப் போனால், ஊர் கதவைச் சாத்துகிறது. "காதுல ஓட்டை விழுந்தா ஆத்தா ஒரு ஆளைக் கேப்பா. போன வருசம் சேவக்கு போனாரு, இந்த வருசம் யாரு?" என்கிறார்கள். அண்ணன் எதற்காக உயிரை விட்டாரோ, அந்த வேலைக்கே அவர் சாவைக் குறுக்கே போட்டு மறிக்கிறார்கள். நான் பேசிப் பார்த்துவிட்டேன். என்னைப் பார்த்தால் பாவப்பட்டு விலகிப் போகிறார்கள். வெள்ளையம்மாதான், "வாயால சொல்லாதீக டீச்சரம்மா, அச்சடிச்சுக் கொடுங்க. எம் பிள்ளை வாசிச்சுக் காட்டும்" என்றாள். அவள் இளைய பெண் இப்போது எழுத்துக்கூட்டி நன்றாக வாசிக்கிறாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லோடை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு அண்ணனை ஏற்றிக்கொண்டு போன லாரி டிரைவருக்கு நன்றி. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. செருப்பில்லாமல் நடந்த நர்ஸம்மாவுக்கு நன்றி. மாட்டு டாக்டருக்கு நன்றி. இன்றும் அவர் என்னை நேராகப் பார்ப்பதில்லை, இனிமேல் பார்க்க வேண்டும். வெடி போடாமல் இருந்த தெருவுக்கு நன்றி. உங்கள் பிள்ளைகள் இந்தத் தீபாவளிக்கு இரட்டிப்பாக வெடிக்கட்டும். காலண்டர் ஆர்டர்களுக்கு நடுவே இந்த மலரை அச்சடித்துக் கொடுத்த சிவகாசி அச்சகத்தாருக்கு நன்றி. ஜெபத்தில் தாங்கிய சபையாருக்கும் உறவினருக்கும் நன்றி.

பெயர் எழுதாத ஊருக்கு மட்டும் இப்போது நன்றி சொல்ல மாட்டேன். வருகிற வாரம் டாக்டர் ஐஸ் பெட்டியோடு மந்தைக்கு வருகிறார். கன்றுகளை ஓட்டிக்கொண்டு வாருங்கள். காதில் போடுவது சர்க்கார் ஓட்டை. அது நேர்ச்சை இல்லை, அதற்கு யாரும் சாக வேண்டாம். அண்ணன் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது இதுதான். அவர் வாய் மூடிப் போனதால் அவருடைய தங்கை சொல்கிறேன். வெள்ளையம்மாவின் கன்றைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நான் நிற்பேன். எனக்குப் பின்னால் யாராவது வந்து நில்லுங்கள்.